ஒரே கதை, இரண்டு தோல்விகள்: சூப்பர் ஹீரோ காமிக்ஸ் திரையில் எங்கே உடைகிறது?

காமிக்ஸாக வந்தபோது கொண்டாடப்பட்ட ஒரு சூப்பர் ஹீரோ கதை, கோடிக்கணக்கான டாலர் செலவில் படமாகும்போது ஏன் படுத்துவிடுகிறது? இதுதான் கேள்வி. வழக்கமாக மூன்று பதில்கள் வரும்: மூலக்கதையை மாற்றிவிட்டார்கள், ஸ்டுடியோ தலையிட்டுக் கெடுத்தது, கிராஃபிக்ஸ் சரியில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூலத்தைத் தாராளமாக மாற்றியும் நன்றாக ஓடிய படங்கள் இருக்கின்றன. மேலிடத் தலையீட்டால் மேம்பட்ட கதையும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தத் தோல்வியைப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். வசூலில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. அதனால் தயாரிப்புச் செலவைப்போல இரண்டு, இரண்டரை மடங்காவது வசூலானால்தான் படம் தப்பும் என்பது தொழிலில் உள்ளவர்கள் போடும் தோராயக் கணக்கு. 2012-ல் வந்த 'ட்ரெட்' அந்தக் கணக்கில் தோற்றது. படமாக அது கச்சிதமானது, இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். 2016-ன் 'சூசைட் ஸ்குவாட்' சுமார் 75 கோடி டாலர் வசூலித்தது; ஆனால் கதை என்று பார்த்தால் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இங்கே நான் பேசப்போவது இந்த இரண்டாவது வகையை, கதை உடைவதை.

அதற்கு, பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட 'மியூட்டன்ட்' மனிதர்களின் அணியான எக்ஸ்-மென் வரிசையின் டார்க் ஃபீனிக்ஸ் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரே கதையை ஒரே ஸ்டுடியோ 2006-லும் 2019-லும் இருமுறை படமாக்கியது. இரண்டு திரைக்கதைகளிலும் சைமன் கின்பெர்க் இருந்தார். இரண்டாவதை அவரே இயக்கினார். இரண்டுமே சரியாக வரவில்லை, அதுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில்.

மூலம் இதுதான். 1976-ல் விண்கலம் ஒன்றைத் தரையிறக்க அந்த அணியின் ஜீன் கிரே தன்னந்தனியாகக் கதிர்வீச்சுக்கு நடுவே உட்கார்ந்து ஓட்டுகிறாள். சாக வேண்டியவள் ஃபீனிக்ஸ் என்ற பெரும் சக்தியாக எழுகிறாள். அதன் பிறகு எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அவசரப்படவே இல்லை. அவள் சக்தி பிரபஞ்சத்தையே காப்பாற்றுகிறது. அந்தச் சக்தி தரும் போதை மெல்ல மெல்லத் தெரிகிறது. மாஸ்டர்மைண்ட் என்கிற வில்லன் மாதக்கணக்கில் பொய்க்காட்சிகளைக் காட்டி அவள் மனதுக்குள் நுழைகிறான். 1980-ல் அவள் கட்டவிழ்ந்து, பசியில் ஒரு சூரியனை விழுங்குகிறாள். அந்தச் சூரியனைச் சுற்றிய கிரகத்தில் வாழ்ந்த டிபாரி இனத்தவர் 500 கோடிப் பேர் அழிகிறார்கள். 137-ஆம் இதழில், நிலவின் மேல், தான் மறுபடியும் அப்படி ஆகிவிடுவோம் என்று தெரிந்து தானே தன் உயிரை விடுகிறாள். நான்கு ஆண்டுகள், வாசகர்கள் கூடவே இருந்தார்கள்.

இந்தக் கதையைத் தாங்கும் தூண்கள் மூன்று. ஒன்று, நமக்கு நெடுநாள் பழகிய நல்ல பெண் அவள். இரண்டு, அவள் செய்தது மன்னிக்க முடியாத குற்றம். மூன்று, முடிவை எடுப்பவளும் அவளேதான். நெருப்புப் பறவை, சிவப்பு உடை, விண்வெளிச் சண்டை எல்லாம் இந்தத் தூண்களின் மேல் பூசிய வண்ணம்.

2006-ன் 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' என்ன செய்தது? சிறுவயதிலேயே அணியின் தலைவர் பேராசிரியர் சேவியர் அவள் மனதுக்குள் தடுப்புகள் போட்டார், அதனால் உள்ளே இன்னொரு ஆளுமை வளர்ந்துவிட்டது என்றது. இப்படிச் சொன்ன நொடியே குற்றம் நோயாகிவிடுகிறது. நோயாளி மேல் நமக்குப் பரிதாபம் வரும்; அவள் மனப்போராட்டத்தில் நாம் பங்கெடுக்க முடியாது. முடிவும் அவள் கையில் இல்லை, அவளைக் குத்திக் கொல்லும் அணித் தோழன் வுல்வரினின் நகத்தில் இருக்கிறது. போதாததற்கு, 2004-ல் காமிக்ஸில் வந்த 'மியூட்டன்ட்களைக் குணப்படுத்தும் மருந்து' என்ற வேறொரு கதையையும் இதே படத்தில் சேர்த்தார்கள். படத்தின் மொத்த நீளம் 104 நிமிடம். மருந்துக் கதையில் இரண்டு அணி, ஒரு போர்க்களம், ஒரு கெடு எல்லாம் தயாராக இருப்பதால் திரைக்கதை அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. உலகையே அழிக்க வல்ல ஜீன், இரண்டாம் பாதியின் பெரும்பகுதியில் எதிரணித் தலைவன் மேக்னீட்டோவுக்குப் பின்னால் பேசாமல் நிற்கிறாள்.

ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 132-ஆம் இதழில் ஜீனும் அவள் காதலன் ஸ்காட்டும் பாலைநிலத்துக் குன்றின் உச்சியில் தனியாக இருக்கிறார்கள். ஸ்காட்டின் கண்ணைத் திறந்தால் அழிவுக்கதிர் பாயும், அதனால் எப்போதும் கண்மறைப்போடு இருப்பவன். ஜீன் அதைக் கழற்றிவிட்டு, அந்தக் கதிரைத் தன் சக்தியால் பிடித்து நிறுத்துகிறாள். அவன் வெறும் கண்ணோடு அவளைப் பார்க்கிறான். அத்தனை ஆண்டு வாசகருக்கு அது காதலின் உச்சம். அவ்வளவு பெரிய சக்தியை அவள் இவ்வளவு எளிதாகக் கையாள்கிறாளே என்ற மெல்லிய பயமும் அதில் இருக்கிறது. 2006 படத்திலும் இதே காட்சி ஏரிக்கரையில் வருகிறது. கண்ணாடியைக் கழற்றுகிறாள், கதிரைப் பிடித்து நிறுத்துகிறாள், அவன் கண் திறக்கிறான். அடுத்த சில நொடிகளில் அவன் கதை முடிந்தது, அதுவும் திரையில் காட்டாமலே. மிதக்கும் கண்ணாடியை வைத்துத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரமே ஆகியிருக்கும், அவர்களைச் சேர்த்துப் பார்க்கவே நமக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. காமிக்ஸ் கட்டத்தை அப்படியே எடுத்தார்கள். அந்தக் கட்டத்துக்குக் கனம் கொடுத்த நூறு பக்கங்களை விட்டுவிட்டார்கள்.

2019-ன் 'டார்க் ஃபீனிக்ஸ்' மருந்துக் கதையையெல்லாம் தூக்கிவிட்டது. விண்வெளி விபத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் இது மூலத்துக்கு நெருக்கமானது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் இன்னும் பெரிய தூணை இது உருவிவிட்டது. இதில் டிபாரி இனம் வருகிறது, ஆனால் வில்லன்களாக. அவர்கள் உலகத்தை அழித்தது ஜீன் அல்ல; அவளுக்குள் வருவதற்கு முன்பே அந்தச் சக்தி அதைச் செய்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களை வில்லனாக்கி, குற்றவாளியைக் குற்றமற்றவளாக்கியாயிற்று. அணித் தோழி ரேவனின் சாவுகூட அவள் கைதவறி நடப்பது. பிறகு எதற்காக அவள் சாக வேண்டும்? அந்தக் கேள்விக்குப் படத்திடம் பதில் இல்லை, அதனால் முடிவும் நம்மைத் தொடவில்லை. சோஃபி டர்னர் நடித்த ஜீனை நாம் அதற்கு முன் பார்த்தது 2016-ன் ஒரே படத்தில், கூட்டத்தில் ஒருத்தியாக. சுமார் 20 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வசூல் சுமார் 25 கோடி.

நட்சத்திரக் கதாநாயகியை 500 கோடிப் பேரைக் கொன்றவளாகக் காட்டினால் ரசிகர்கள் வெறுத்துவிடுவார்கள் என்ற பயம் தயாரிப்பாளர்களுக்கு இயல்பாக வரும். ஆனால் அந்தக் குற்றத்தை எடுத்துவிட்டால் இந்தக் கதையை எடுக்கவே தேவையில்லை.

காலம் என்கிற விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். மாத இதழ் வாசகரிடம் ஆண்டுக்கணக்கில் உறவை வளர்க்கும். படத்திடம் இருப்பது நிமிடங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வைத்தால், 115 நிமிடப் படத்துக்கு 115 பக்கம். கடைசிச் சண்டைக்கு 25, நடுவில் இரண்டு பெரிய ஆக்‌ஷன் காட்சிகளுக்கு 20, சக்தி எப்படி வந்தது என்பதற்கு 15, வில்லன் யார், அவன் திட்டம் என்ன என்று சொல்ல 15. மிச்சம் 40 பக்கம். ஏழு பேர் கொண்ட குழுவென்றால் ஆளுக்கு ஆறு பக்கம்கூட வராது. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பவர்கள் ஆட்களைக் குறைப்பார்கள் அல்லது சண்டையைக் குறைப்பார்கள். 1994-ல் தொலைக்காட்சியில் வந்த எக்ஸ்-மென் கார்ட்டூன் தொடர் இதே கதைக்கு ஒன்பது அத்தியாயங்களை ஒதுக்கியது. சிறுவர்களுக்கான தொடர் என்பதால் முடிவை மென்மையாக்கினார்கள். இருந்தும் ஜீன் வீழ்வது அங்கே வலித்தது, நேரம் கொடுத்ததால்.

'பேட்மேன் வி சூப்பர்மேன்' விழுந்ததும் இந்தக் குழியில்தான். 1986-ல் வந்த, வயதான பேட்மேனின் கதையையும், 1992-ல் வந்த சூப்பர்மேன் மரணக் கதையையும் ஒரே படத்தில் கட்டினார்கள். முதல் கதையில் பேட்மேனும் சூப்பர்மேனும் பல்லாண்டு நண்பர்களாக இருந்து பிரிந்தவர்கள். அதனால் அவர்கள் மோதல் துயரமானது. படத்தில் அவர்கள் அப்போதுதான் சந்திக்கிறார்கள். இரண்டாவது கதை நடந்தபோது சூப்பர்மேன் 54 ஆண்டுகளாக அச்சில் இருந்தார். படத்தில் அந்த சூப்பர்மேனை நாம் பார்ப்பதே இரண்டாம் முறை, உடனே சாவு. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் மட்டும் 16 கோடி டாலருக்கு மேல் குவித்த படம், இரண்டாம் வார இறுதியில் கிட்டத்தட்ட 69 சதவீதம் இறங்கியது. பெயரைப் பார்த்து வந்த கூட்டம், பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கலைந்துவிட்டது.

அடுத்தது எதிர்எடை. காமிக்ஸில் பல வில்லன்கள் ஒரு குறிப்பிட்ட ஹீரோவின் குறையைக் காட்டுவதற்காகவே உருவானவர்கள். கிராவன் 1964-ல் ஸ்பைடர்மேனுக்கு எதிராகத்தான் பிறந்தான். 1987-ல் வந்த அவனது புகழ்பெற்ற கதையில் ஸ்பைடர்மேனைப் புதைத்துவிட்டு, அவன் உடையை மாட்டிக்கொண்டு, அவனைவிடத் தானே மேல் என்று நிரூபிக்கத் துடிக்கிறான். ஸ்பைடர்மேன் இல்லாவிட்டால் கிராவனுக்கு வெறி இல்லை; வெறி இல்லாவிட்டால் அவன் தசை முறுக்கிய வேட்டைக்காரன், அவ்வளவுதான். 1971-ல் வந்த மோர்பியஸும் அப்படியே. படமெடுக்கும் உரிமை கையில் இருக்கிறது என்பதற்காக இவர்களையும் ஸ்பைடர்மேன் கதைகளின் வேறு பாத்திரங்களையும் வைத்து சோனி எடுத்த தனிப்படங்களில் ஸ்பைடர்மேன் இல்லை. 2022-ல் 'மோர்பியஸ்', 2024-ல் 'மேடம் வெப்', அதே ஆண்டு இறுதியில் 'கிராவன் தி ஹன்டர்', மூன்றும் வரிசையாக விழுந்தன. ஒரு கேள்வி எழும்: 2018-ன் 'வெனம்' படத்திலும் ஸ்பைடர்மேன் இல்லையே, அது 85 கோடி டாலரைத் தாண்டியதே? வெனமுக்கு எதிர்எடை வெளியே வேண்டியதில்லை. எடி பிராக் என்ற மனிதனும் அவனுக்குள் புகுந்த வெனம் என்ற வேற்றுலக உயிரும் ஒரே உடம்புக்குள் சண்டை போடுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள். படம் பிழைத்தது அந்த இருவரால்தான். கடைசியில் வரும் வில்லனை எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

வடிவத்தை நினைத்து வெட்கப்படுவது இன்னொரு நோய். ஊதா நிறக் கவசமும் விசித்திரமான தலைக்கவசமும் அணிந்து, கிரகங்களைத் தின்னும் ராட்சத உருவம் கேலக்டஸ். 1966-ல் மூன்று இதழ்களில் அறிமுகமானவன். 2007-ல், நான்கு பேர் கொண்ட ஹீரோக் குடும்பமான ஃபென்டாஸ்டிக் ஃபோரின் இரண்டாம் படம் அவனை ஒரு மேகமாக்கிவிட்டது. 2011-ல் 'கிரீன் லேன்டர்ன்' படத்தில் பாரலாக்ஸ் என்ற வில்லனும் மேகம்போன்ற ஒன்றாகத்தான் வந்தது. மனித உருவில் காட்டினால் சிரிப்பார்களோ என்ற பயம் புரிகிறது. ஆனால் கேலக்டஸான அந்த மேகத்துக்குக் கண் இல்லை. அது பேசாது, தயங்காது, ஏமாறாது. 1966 கதையில் கேலக்டஸிடம் பகை கிடையாது, பசிதான் இருக்கிறது. அவனுடைய சொந்தத் தூதன் சில்வர் சர்ஃபர் மனிதர்களுக்காக அவனையே எதிர்த்து நிற்கிறான். முகமற்ற ஒன்றை எதிர்த்து நிற்பதில் நாடகம் எங்கிருந்து வரும்? 2025-ல் வந்த புதிய படம் கேலக்டஸை அவன் உண்மை உருவத்திலேயே நகரத்துத் தெருவில் நடக்கவிட்டது, யாரும் சிரிக்கவில்லை. 'கிரீன் லேன்டர்ன்' படத்தின் உடை விஷயமும் இதே ரகம். துணியில் தைக்காமல் முழு உடையையும் கணினியில் வரைந்தார்கள். நாயகன் ரையன் ரெனால்ட்ஸின் முகம் வேறொருவர் உடம்பில் ஒட்டியதுபோல மிதக்கிறது. நிஜ உடை போட்டு, ஒளிரும் பகுதியை மட்டும் கணினியில் சேர்த்திருந்தால் வெளிச்சமும் நிழலும் உடம்பில் இயல்பாக விழுந்திருக்கும்.

கிராஃபிக்ஸ் மோசமாக வருவதற்குக் கலைஞர்களைக் குறை சொல்வது அநியாயம். வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். வெளியீட்டுத் தேதியை முதலில் அறிவிக்கிறார்கள். பெரிய சண்டைக் காட்சிகளைத் திரைக்கதை முடியும் முன்பே கணினியில் மாதிரியாக வடிவமைத்துவிடுகிறார்கள். படப்பிடிப்பு முடிந்து முதல் தொகுப்பைப் பார்த்த பிறகு கதை நிற்கவில்லை என்று தெரிகிறது. படத்தின் இறுதிப் பகுதியை மாற்றுகிறார்கள், மறுபடியும் எடுக்கிறார்கள். கிராஃபிக்ஸ் நிறுவனங்களுக்கு இறுதித் தொகுப்பு கையில் வந்தால்தான் எந்தக் காட்சி எத்தனை நொடி என்று தெரியும். அது தாமதமாக வருகிறது, தேதி மட்டும் நகர்வதில்லை. 2017-ன் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவிலின் மேலுதடு விநோதமாக இருந்தது இதனால்தான். மறுபடப்பிடிப்பு நடந்தபோது அவர் வேறொரு ஸ்டுடியோ படத்துக்காக மீசை வைத்திருந்தார்; மழிக்க அந்த ஸ்டுடியோ விடவில்லை. மீசையைக் கணினியில் அழித்தார்கள். உதடும் கன்னமும் பேசும்போது எத்தனை நுண்ணிய தசைகள் அசையும்! அத்தனையையும் குறுகிய காலத்தில் புதிதாக உருவாக்குவது யாராலும் ஆகாத காரியம்.

2015-ன் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இன்னும் வருத்தமான கதை. பயன்படுத்தாமல் விட்டால் படமாக்கும் உரிமை காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்கே திரும்பிவிடும் என்ற ஒப்பந்தத்தின் நிழலில் எடுத்த படம். ஜாஷ் டிராங்க் அதற்கு முன் 2012-ல் சுமார் 1.2 கோடி டாலரில் 'கிரானிக்கிள்' எடுத்து அசத்திய இளம் இயக்குநர். இங்கே சுமார் 12 கோடி, நான்கு நாயகர்கள், ஏகப்பட்ட கருத்து வேறுபாடுகள். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: மறுபடப்பிடிப்புக் காட்சிகளில் நாயகி கேட் மாராவின் தலையில் விக். அதைவிடப் பெரிய ஒட்டு கதையில் இருக்கிறது. நால்வருக்கும் சக்தி வருகிறது, உடல் உருக்குலைந்து கதறுகிறார்கள், உடனே 'ஓராண்டு கழித்து' என்று எழுத்து வருகிறது. தன் கை நீள்வதைப் பார்த்து ரீட் எப்படி உடைந்தான், பாறையாகிப்போன பென் நண்பனை எப்படி வெறுக்க ஆரம்பித்தான் என்பதெல்லாம் அந்த ஓராண்டுக்குள் புதைந்துவிட்டது. இந்தக் குடும்பத்தின் கதையே அந்த ஓராண்டுதான். வில்லன் டூம் வருவது படத்தின் இறுதிப் பகுதியில். வந்த வேகத்தில் முடிந்துவிடுகிறான். படம் மொத்தம் 100 நிமிடம்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2008-ன் 'அயர்ன் மேன்'. 1963 மூலத்தில் நாயகன் டோனி ஸ்டார்க் அடிபடுவது வியட்நாமில். படம் அதை ஆப்கானிஸ்தானுக்கு மாற்றியது. யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் தூண் அப்படியே நின்றது: ஆயுதம் விற்றவன் நெஞ்சில் ஆயுதச் சிதறல், உயிரைக் காக்கும் இயந்திரமே சிறை. 2017-ன் 'லோகன்' இன்னும் துணிந்தது. மூலக்காமிக்ஸில் வரும் சம்பவங்களில் பெரும்பாலானவற்றை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. கிழவனாகிவிட்ட வுல்வரின், பாழாய்ப்போன எதிர்காலம், குற்ற உணர்வு, இவ்வளவையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்தார்கள். சுமார் 10 கோடிக்குள் எடுத்து 60 கோடிக்கு மேல் பார்த்தது. ஒரு திரைக்கதை கையில் வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஹீரோ செய்த தவறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு விலை கொடுப்பது யார், கடைசி முடிவை எடுப்பது யார் கை? மூன்றுக்கும் பக்க எண் சொல்ல முடியவில்லையென்றால், உடை எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் பயனில்லை.

இனி தலையீட்டுக்கு வருகிறேன். டார்க் ஃபீனிக்ஸின் மூலமுடிவு நாம் இன்று படிப்பது அல்ல. கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பர்னும் முதலில் முடித்திருந்த 137-ஆம் இதழில் ஜீனின் சக்தியைப் பறித்துவிடுவார்கள், அவள் உயிரோடு வீடு திரும்புவாள். அன்றைய மார்வெல் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் அதை ஏற்கவில்லை. இத்தனை கோடி உயிர்களை அழித்தவள் எந்த விலையும் கொடுக்காமல் போவது சரியில்லை என்றார். இதுவும் மேலிடத் தலையீடுதான், கடைசி நேரத்தில் வந்த மறுவேலைதான். ஆனால் அவர் பொம்மை விற்பனையைப் பற்றியோ, அடுத்த பாகத்தைப் பற்றியோ கேட்கவில்லை. அவள் செய்ததற்கு என்ன பதில் என்று கேட்டார். இருவரும் திரும்ப உட்கார்ந்து இறுதிப் பக்கங்களை மாற்றினார்கள், ஜீன் தானே தன் முடிவை எடுத்தாள். கைவிடப்பட்ட பழைய முடிவு 1984-ல் தனி இதழாக வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்துப் பாருங்கள்: அதே நிலவு, அதே சண்டை, அதே மனிதர்கள், கடைசிச் சில பக்கங்கள் மட்டும் வேறு.